மேளம் என்றால் எது? இசையைப் பேசத் தமிழில் உள்ள சொற்கள்

மெல்லிசைக் குழுவின் ஒத்திகைக்குப் பாடகர் வந்து நின்றதும் கீபோர்டு வாசிப்பவர் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன ஸ்கேல்?’ என்பது. சபாக் கச்சேரிக்குத் தம்புரா கூட்டுபவர் அதையே ‘எத்தனை கட்டை?’ என்று கேட்பார். நாகசுரக்காரருக்கு அந்தக் கேள்வியே எழாது; கையில் இருக்கும் குழலின் நீளம் முன்கூட்டியே விடையைச் சொல்லிவிடுகிறது, நீண்ட குழலான பாரி தாழ்ந்த சுருதியிலும் குட்டையான திமிரி உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கும். மூவரும் பேசுவது ஒரே செய்தியைத்தான்: ஆதார ஸ்வரமான ‘ச’வை எந்த உயரத்தில் வைத்துக்கொள்வது?

இசையைப் பற்றிப் பேசத் தமிழில் சொற்கள் போதவில்லை என்று குறைப்படுவோர் உண்டு. எனக்குச் சிக்கல் வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. பண்ணிசை, கச்சேரி, நாட்டார் பாட்டு, திரைப்படம் என்று தமிழ் இசைக்குப் பல வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் முழுமையான சொல்வளம் இருக்கிறது. ஒரு வீட்டுச் சொல்லை இன்னொரு வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது அதன் பொருள் வழியிலேயே மாறிவிடுகிறது. ஆகவே, ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்வதற்கு முன்னர் அது எந்த வீட்டில் வழங்குகிறது என்று கேட்டுக்கொள்வதே பாதி வேலை.

கட்டை என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். அது ஆர்மோனியத்தின் விசைப்பலகையிலிருந்து வந்தது. வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்று குறிப்பார்கள். மேற்கத்திய ‘சி’ ஒரு கட்டை, ‘ஜி’ ஐந்து கட்டை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்ற சுருதியும் இல்லை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரை முதல் ஆறு கட்டைக்குள்ளும் பாடுவார்கள். அசையாத ஸ்வரங்களைக் கொண்ட ஆர்மோனியம், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு உதவாது என்ற காரணத்தால் அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கி, பல ஆண்டுகள் ஒலிபரப்பில் சேர்க்காமலே வைத்திருந்தது. ஆயினும் அந்தக் கருவியின் கட்டை மட்டும் வித்துவான்களின் பேச்சை விட்டு ஒருநாளும் நீங்கவில்லை.

சுருதி என்பதற்கும் இரண்டு பொருள்கள் உண்டு. இசை இலக்கண நூல்கள் ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு ‘ச’விலிருந்து அடுத்த மேல் ‘ச’ வரையுள்ள தொலைவை, இருபத்திரண்டு சுருதிகளாகப் பகுக்கும்போது அது நுண்ணிய ஒலி இடைவெளியைக் குறிக்கிறது, ‘சுருதி சேர்ந்திருக்கிறதா?’ என்று மேடையில் கேட்கும்போது ஆதார ஒலியைக் குறிக்கிறது. பேச்சு வழக்கில் ‘சுதி’ என்று தேய்ந்த பிறகு அது போதை ஏறுவதையும் குறிக்கத் தொடங்கியது. இசைச் சொற்கள் இப்படி நடைமுறை வாழ்க்கைக்குள் இறங்கி வந்தது தமிழில் மிகுதி. ஒருவருக்கு ‘ஒத்து ஊதுவது’ நாகசுரக் குழுவில் இடைவிடாமல் ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருக்கும் ஒத்துக் குழலிலிருந்து வந்தது. சொன்னதையே சொல்பவரை ‘பழைய பல்லவியைப் பாடுகிறார்’ என்கிறோம். ‘ஜால்ரா’வுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஸ்வரங்களுக்கு வருவோம். ச ரி க ம ப த நி என்ற ஏழுக்கும் சிலப்பதிகாரம் தரும் பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. நிகண்டுகளும் இவற்றை இதே வரிசையில் சொல்கின்றன. குரல் எது என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. ‘ச’தான் குரல் என்பதே இன்று பெரும்பான்மையோர் ஏற்கும் முடிபு. இந்தச் சொற்களைப் படிக்கும் இக்கால வாசகர் தடுமாறுவதற்கு நியாயமான காரணம் உண்டு. குரல் இன்று தொண்டையிலிருந்து வரும் ஒலி. கைக்கிளை என்றால் இலக்கணம் படித்தவருக்கு ஒருதலைக் காதல் நினைவுக்கு வரும். பழைய உரைகளில் ‘நரம்பு’ என்று வருமிடத்தில் யாழின் தந்தியையும், அந்தத் தந்தி எழுப்பும் ஸ்வரத்தையும் சேர்த்தே எண்ணிக்கொள்ள வேண்டும். யாழ் என்பதே கருவியின் பெயராகவும் பெரும்பண்ணின் பெயராகவும் நிற்கிறது. தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’, ஈழத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் 1947ஆம் ஆண்டு ‘யாழ் நூல்’ ஆகிய இரண்டு பெரும் நூல்களும் இந்தச் சொற்களுக்குள் புதைந்திருந்த கணக்கை மீட்டெடுக்க முனைந்தவை. குரலிலிருந்து ஐந்தாவதாக நிற்கும் இளியை எடுத்து, அந்த இளியைக் குரலாகக் கொண்டு அடுத்த இளியைக் காண்பது என்று தொடர்ந்து சென்றால் எல்லா ஸ்வரங்களும் பிறந்துவிடும் என்ற முறையை விபுலாநந்தர் கணிதமாகவே விளக்கினார்.

பண், இராகம், ஸ்கேல் ஆகிய மூன்றையும் ஒன்றன் இடத்தில் ஒன்றாகப் போட்டு எழுதுவது இன்று பரவலாகக் காணப்படும் குழப்பம். ஸ்கேல் என்பது ஆங்கில இசை வழக்கில் ஏறுவரிசையாக அடுக்கிய ஸ்வரங்களின் தொகுதி. நம் மெல்லிசை மேடையில் அது, தொடக்கத்தில் கண்டபடி, சுருதியின் உயரம் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. இராகம் ஸ்வர வரிசையைவிடப் பெரியது. இசைப் பாடநூல்கள் இதற்குக் காட்டும் சான்று ஆரபியும் தேவகாந்தாரியும். இரண்டும் ‘ச ரி ம ப த ச’ என்று ஏறி, ‘ச நி த ப ம க ரி ச’ என்று இறங்குபவை. தாளில் எழுதினால் வேறுபாடு தெரியாது. ஆனால், ஆரபி விறைப்பாக, ஸ்வரங்களை அதிகம் அசைக்காமல், சற்று விரைந்து செல்லும். தேவகாந்தாரி நின்று, வளைந்து, நீண்ட பிடிகளோடு நடக்கும். கேட்டுப் பழகிய காது இரண்டே நொடியில் பிரித்துச் சொல்லிவிடும். ஸ்வரத்தை அசைக்கும் விதமான கமகம், ஒரு இராகத்துக்கே உரிய பிடிகளான பிரயோகம், உயிர் நிற்கும் இடமான ஜீவ ஸ்வரம் என்ற சொற்கள் எல்லாம் தோன்றியது இந்த வேறுபாட்டைச் சொல்வதற்காகத்தான்.

பண் என்ற சொல்லை இராகத்துக்கு நேரான பழந்தமிழ்ப் பெயர் என்று கொள்வது பெரும்பாலும் பொருந்தும், முழுதும் பொருந்தாது. பழைய வகைப்பாட்டில் ஏழு ஸ்வரமும் உடையது பண், ஆறு உடையது பண்ணியல் திறம், ஐந்து உடையது திறம், நான்கு உடையது திறத்திறம். வடமொழி வழக்கில் ஏழுக்குச் சம்பூர்ணம், ஆறுக்குச் சாடவம், ஐந்துக்கு ஔடவம். அந்தக் கணக்கின்படி மோகனம் கறாரான பொருளில் பண் ஆகாது. திறம் என்றே சொல்ல வேண்டும். பிற்காலத்தில் இந்த நுட்பம் தளர்ந்து எல்லாமே பண் ஆயின. தேவாரப் பண்களை இன்று ஓதுவார்கள் பாடும் மரபில் நட்டபாடை நாட்டையாகவும், கௌசிகம் பைரவியாகவும், தக்கேசி காம்போதியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், மேகராகக் குறிஞ்சி நீலாம்பரியாகவும் ஒலிக்கின்றன. இவற்றில் கடைசி இணை கவனத்துக்குரியது. மேகராகக் குறிஞ்சிப் பதிகங்களை மழை வேண்டிக் கோயில்களில் பாடுகிறார்கள். நீலாம்பரி என்றால் வீட்டில் தாலாட்டு நினைவுக்கு வருகிறது. ஒரே இசை, கோயிலில் மழைக்கும் வீட்டில் உறக்கத்துக்கும். இன்னொன்று, பண்ணின் பெயருக்குள்ளேயே ‘ராகம்’ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், இரு சொற்களும் இன்று சிலர் காட்டுவது போலப் பகையாக வாழவில்லை என்பது தெரியும்.

பெயர் ஒன்று, பொருள் வேறு என்னும் தொல்லை வடக்கே போனால் இன்னும் கூடும். நம் தோடியின் ஸ்வரங்களை இந்துஸ்தானியில் பைரவி என்பார்கள். அவர்களுடைய தோடியின் ஸ்வரங்கள் நமக்குச் சுபபந்துவராளி. நம் ஹிந்தோளம் அங்கே மால்கௌன்ஸ். அங்கே ஹிந்தோல் என்பது முற்றிலும் வேறோர் இராகம். மோகனத்துக்கு அங்கே நெருங்கிய உறவு பூப்.

இவை அனைத்தினும் சுமை மிகுந்த சொல் மேளம். கல்யாண வீட்டில் ‘மேளம் வந்துவிட்டதா?’ என்றால் நாகசுரமும் தவிலும் சேர்ந்த குழு வந்துவிட்டதா என்பது கேள்வி. ‘கெட்டி மேளம்’ என்று குரல் கொடுக்கும்போது தவிலின் உரத்த, விரைவான வாசிப்பு. முன்னாளில் நாகசுரக் குழுவைப் பெரிய மேளம் என்றும், சதிராட்டக் குழுவைச் சின்ன மேளம் என்றும் அழைத்தார்கள். சின்ன மேளத்தில் மேளத்தைவிட ஆடலே முதன்மை. கரகத்துக்கும் காவடிக்கும் துணைபோகும் குழு நையாண்டி மேளம். இசைக் கல்லூரி வகுப்பறையிலோ மேளம் என்பது மேளகர்த்தா, அதாவது பிற இராகங்கள் பிறப்பதற்கு இடமான தாய் இராகம். அதற்கும் தோலில் அடிக்கும் எந்தக் கருவிக்கும் தொடர்பில்லை. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அரசவையைச் சேர்ந்த வேங்கடமகி தம் ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யில் வகுத்த 72 மேளத் திட்டமே இன்றைய வகைப்பாட்டுக்கு அடித்தளம். இதைத் தமிழில் தாய்ப்பண், சேய்ப்பண் என்று எழுதுவோர் உண்டு. அது தெளிவாகவே இருக்கிறது, தவில்காரரோடு குழப்பிக்கொள்ளவும் வாய்ப்பில்லை.

தாளத்தைப் பற்றிப் பேசும்போது நான்கு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. தாளம் என்பது எண்ணிக்கையின் சுற்று. ஆதி தாளத்தில் ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும், பின்னர்த் தட்டும் வீச்சுமாக இருமுறையும் சேர்ந்து எட்டு. ரூபகம், ஐந்து எண்ணும் கண்ட சாபு, ஏழு எண்ணும் மிஸ்ர சாபு ஆகியவையும் மேடையில் நாளும் கேட்பவை. நூல்கள் சொல்லும் 35 தாளங்களில் ஆதி, ரூபகம் தவிர மற்றவற்றைக் கேட்க நேர்வது அருமை. நடை என்பது ஒவ்வோர் எண்ணிக்கைக்குள்ளும் எத்தனை அட்சரங்களை நிரப்புகிறோம் என்பது: மூன்றானால் திஸ்ரம், நான்கு சதுஸ்ரம், ஐந்து கண்டம், ஏழு மிஸ்ரம், ஒன்பது சங்கீர்ணம். தகிட, தகதிமி, தகதகிட, தகிடதகதிமி என்று வாயால் சொல்லிப் பார்த்தால் இது கணக்காக இல்லாமல் நாக்கின் பழக்கமாகவே ஆகிவிடும். காலப்பிரமாணம் என்பது வேகம். லயம் இந்த மூன்றையும் உள்ளடக்கிய சீரான ஓட்டம், அல்லது அந்த ஓட்டத்தை உணரும் திறன். ஆகவே ‘தாளம் வேகமாக இருக்கிறது’ என்று எழுதுவது தவறு. எட்டு என்ற எண்ணுக்கு வேகம் ஏது? வேகமாக இருப்பது காலப்பிரமாணம். திரையிசைக் கூடத்தில் அதை ‘டெம்போ’ என்பார்கள், திஸ்ர நடையில் அமைந்த தெம்மாங்குச் சாயல் பாட்டை ‘சிக்ஸ் எயிட்’ என்பார்கள். ‘பீட்’ என்ற ஆங்கிலச் சொல் அங்கே தட்டு, நடை, தாளக்கட்டு என எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பயன்படுவதால் வசதியானது, அதே காரணத்தால் துல்லியமற்றது.

பாட்டின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களில் பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றும் எல்லா வீட்டிலும் செல்லுபடியாகும். தியாகராசருக்கு முற்பட்ட சீர்காழி முத்துத்தாண்டவரின் தமிழ்ப் பாடல்களிலேயே இந்த மூவுறுப்பு அமைப்பு இருக்கிறது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாடும், 1943இல் சென்னையில் தொடங்கிய தமிழ் இசைச் சங்கமும் மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு இடம் கேட்டபோது, கலைச்சொற்களையும் தமிழாக்கும் முயற்சி கூடவே வலுப்பட்டது. ஆலாபனைக்கு ஆளத்தி, ஆரோகண அவரோகணத்துக்கு ஆரோசை அமரோசை, பல்லவி அனுபல்லவி சரணத்துக்கு எடுப்பு தொடுப்பு முடிப்பு என்பன புழக்கத்துக்கு வந்தன. ஆளத்தி பழைய உரைகளில் வேரூன்றிய சொல்லாதலால் தடையின்றிப் பொருந்துகிறது. எடுப்பு அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை, ஏனெனில் கச்சேரி வழக்கில் பாட்டு தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதற்கு அதே பெயர் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. ‘அரை இடம் எடுப்பு’ என்று மிருதங்கக்காரர் சொல்வது பல்லவியைப் பற்றியதன்று. பல்லவிக்கும் இப்படியோர் இரட்டை வாழ்க்கை உண்டு: ‘ராகம் தானம் பல்லவி’ என்னும்போது அது பாட்டின் முதலடி அன்று; ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு தாளத்தோடு விளையாடும் தனி உருப்படி.

திரைப்பாட்டு இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டே தன் உறுப்புகளையும் சேர்த்துக்கொண்டது. தாளமில்லாமல் தொடங்கி, பாட்டுக்குள் நம்மை அழைத்துச் செல்லும் முன்வரிகள் தொகையறா. இது நாடக மேடையிலிருந்து வந்த உறுப்பு. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வரும் வாத்தியப் பகுதியை எழுத்தில் இடையிசை என்றாலும், மெல்லிசைக் குழுக்களின் பேச்சில் அது ‘பி.ஜி.எம்.’. ரசிகர்கள் ‘பி.ஜி.எம்.’ என்று சொல்வதோ படத்தின் காட்சிகளுக்குப் பின்னால் ஒலிக்கும் இசை. அதற்குத் திரைத்துறையினர் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர் ‘ரீ-ரெக்கார்டிங்’. ஒரே மூன்றெழுத்தைச் சொல்லிக்கொண்டு வாத்தியக்காரரும் ரசிகரும் வேறு வேறு பொருளில் பேசிக்கொண்டிருக்க முடியும்.

மெட்டு என்பது பாட்டின் இசை வடிவம். இதற்கு இணையான, இத்தனை சுருக்கமான சொல்லை வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. பழைய பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலைப்பில், மக்களுக்கு முன்பே தெரிந்த ஒரு பாட்டின் முதலடியைக் குறிப்பிட்டு, அதன் ‘வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஸ்வரக் குறிப்புப் படிக்கத் தெரியாதவரும் அதைக் கொண்டு பாடிவிடலாம். சந்தம் மெட்டினின்று வேறானது. அது சொற்களின் நெடில் குறில், வல்லினம் மெல்லினம் ஆகியவற்றால் பிறக்கும் ஓசை அச்சு. அருணகிரிநாதரின் திருப்புகழ் இதற்குப் பெருங்களஞ்சியம். ‘தத்தன தந்தன’ என்ற வாய்பாடுகளாலேயே அதன் அச்சுகளை வகைப்படுத்துகிறார்கள். இசையமைப்பாளர் மெட்டை ‘தனனா தனனா’ என்று பாடிக் காட்ட, பாடலாசிரியர் அந்த அளவுக்குச் சொற்களை வைக்கும் முறையைத் ‘தத்தகாரம்’ என்று திரையுலகம் சொல்வதில் அந்த நெடிய மரபு தொடர்கிறது.

வகைப் பெயர்களுக்கு வரும்போது இன்னொரு வேறுபாடு புலப்படுகிறது. ராக், ஜாஸ் போன்ற பெயர்களைக் கேட்டதும் ஒலியின் இயல்பு நினைவுக்கு வருகிறது. தமிழ் மரபுப் பெயர்களில் பெரும்பாலானவை பாடும் சூழலைச் சொல்கின்றன. தாலாட்டு, ஒப்பாரி, நலங்கு, ஊஞ்சல், நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, கும்மி: யார், எங்கே, எதற்காகப் பாடுகிறார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் யாழையும் சேர்த்ததிலேயே இந்தப் பார்வை தொடங்கிவிட்டது. மெட்டால் அறியப்படும் தெம்மாங்கு, யாப்பால் அறியப்படும் சிந்து ஆகியவை விலக்குகள். சிந்தும்கூட முருகன் கோயிலுக்கு நடந்து செல்லும் அடியார்களின் தோளில் ஏறியபோது காவடிச் சிந்து ஆயிற்று. அதற்குச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலையான வடிவம் தந்தார். வடசென்னையின் கானாவும் சாவு வீட்டோடு நெருங்கிப் பிறந்த பாட்டு. ‘மரண கானா’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவாவின் வழியாகத் திரைக்கு வந்த பிறகே பலருக்குக் கானா கொண்டாட்டப் பாட்டாக அறிமுகமாயிற்று. சூழலின் பெயராக இருந்தது ஒலியின் பெயராக மாறிய தருணம் அது.

திரை ரசிகர்களின் வகைச் சொற்களில் ‘குத்துப் பாட்டு’ தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும். ‘மெலடி’ வேடிக்கையானது. ஆங்கிலத்தில் அது மெட்டு. எல்லாப் பாட்டிலும் இருப்பது. தமிழில் ‘இந்தப் படத்தில் ஒரு மெலடி இருக்கிறது’ என்றால் மெதுவான, இனிமையான, பெரும்பாலும் இரவில் கேட்பதற்குரிய பாட்டு ஒன்று இருக்கிறது என்று பொருள். இதைப் பிழை என்று திருத்த முனைவது வீண்வேலை. அந்தப் பொருளுக்கு அது தமிழ்ச் சொல் ஆகிவிட்டது.

சங்கீதம், கர்நாடகம் என்ற சொற்களும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. பொதுப் பேச்சில் சங்கீதம் என்றால் கர்நாடக இசை. தமிழ்க் கிறித்தவருக்கு அது விவிலியத்தின் ஒரு புத்தகம். கீர்த்தனை என்றதும் கச்சேரி ரசிகருக்குத் தியாகராசர் நினைவு வரும். சீர்திருத்தத் (புராட்டஸ்டண்ட்) திருச்சபைகளில் கீர்த்தனை என்பது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலானோர் நம் நாட்டு இராகங்களில் அமைத்த பக்திப் பாட்டு, மேற்கத்திய மெட்டில் பாடுவது பாமாலை. கர்நாடகம் என்பதோ ஒரு காலத்தில் பழமைவாதியைக் குறிக்கும் கேலிச் சொல்லாகவும் இருந்தது; ‘சுத்தக் கர்நாடகம்’ என்றால் பாட்டுக்காரர் என்று யாரும் நினைத்ததில்லை.

இலங்கைத் தமிழர் மேற்கத்திய சாயலில் தாங்களே இயற்றிப் பாடியதைப் ‘பொப்’ என்று எழுதினார்கள், துள்ளிசை என்றும் அழைத்தார்கள். போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பைலா என்னும் ஆட்டப்பாட்டு அதன் பக்கத்து வீடு. ராப் பாட்டுக்குச் ‘சொல்லிசை’ என்று மலேசியத் தமிழ்க் கலைஞர்களிடையே வழங்கிவரும் பெயர், மூலத்தைவிடத் தெளிவாகவே அந்தக் கலையைச் சொல்லிவிடுகிறது.

இன்னும் இடம் காலியாக இருப்பது ஹார்மனிக்குத்தான். ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வரங்களை அடுக்கி ஒலிப்பது நம் பழைய வீடுகள் எதிலும் வளராத கலையாதலால் அதற்குச் சொல்லும் பிறக்கவில்லை. ஒத்திசைவு என்று எழுதுகிறோம். அது சுருதி சேர்வதற்கும், மனிதர்கள் ஒத்துப்போவதற்கும் சேர்த்தே பயன்படுவதால் கூர்மை இழந்து நிற்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘கார்ட்ஸ்’ என்றும், தேவாலயப் பாடகர் குழுவில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று பிரித்து ‘நாலு பார்ட்’ என்றும் சொல்கிறார்கள். இந்தப் ‘பார்ட்’டைக் குரல் என்றே எழுதலாம் என்பது என் எண்ணம். சிலப்பதிகாரத்தில் ஸ்வரமாக இருந்து, பிறகு தொண்டைக்கு வந்த அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு வீடு கிடைக்கும். நான்கு குரலில் ஒரு பாமாலை என்று எழுதினால், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வருபவருக்கு அது எதைக் குறிக்கிறது என்று உடனே புரிந்துவிடும்.